கீபோர்ட்டுக்குப் பின்னால் இருந்த திலீப்

போன எபிசோட்டில ஜப்பான் வீடியோ கேம் இசையைப் பற்றிக் கதைச்சனாங்கள். இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே 'சின்தசைசர் புரோகிராமர்' என்று இன்னொரு பெயர் வருமே, அந்த ஆள் உண்மையில் என்னதான் செய்கிறார்? இதுக்குப் பதில் தேட டோக்கியோ வரைக்கும் போகத் தேவையில்லை. கோடம்பாக்கத்தில் அதே வேலையைப் பல வருடம் செய்த ஒருவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்போது அவர் பெயர் திலீப். இப்போது ஏ. ஆர். ரஹ்மான்.

முதலில் மெஷினைப் பார்ப்போம். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோர்ட்டை வெளியிட்டது. அதுக்குள்ள இருக்கிற எஃப்எம் முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சவுனிங். விஷயம் எளிது. ஒரு ஒலி அலையை இன்னொரு அலையால் மிக வேகமாக ஆட்டினால், முதல் அலையின் குணமே மாறிவிடும். மணிச்சத்தம் வரும், இரும்பைத் தட்டுகிற சத்தம் வரும், எலெக்ட்ரிக் பியானோவும் வரும். டிஎக்ஸ்7இல் இப்படி ஆறு அலைகள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 வழிகள்.

கேட்க நல்லாயிருக்கு. ஆனால் கையில் எடுத்தால் தலையிடி. சின்னத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்றலாம். அந்த எண்ணை மாற்றினால் என்ன சத்தம் வரும் என்று காது முன்கூட்டியே சொல்லாது. அதனால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் ஃபக்டரி போட்டுக்கொடுத்த சத்தங்களையே பாவித்தார்கள். உள்ளே இறங்கித் தனக்கு வேண்டிய சத்தத்தைச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் வேலை இருந்தது. புரோகிராமர் என்ற சொல் அங்கிருந்து வருகிறது.

வேலையின் மற்றப் பாதி சீக்குவன்சர். மிடி என்ற தரமும் அதே 1983இல்தான் வந்தது. மிடி வயரில் இசை போவதில்லை, கட்டளைதான் போகும்: இந்தச் சுரத்தை இப்ப அழுத்து, இவ்வளவு பலமாக அழுத்து, இப்ப விடு. அந்தக் கட்டளைகளை வரிசையாகச் சேமித்துத் திரும்ப ஓட விடுவதுதான் சீக்குவன்சர். கோட் எழுதுகிற ஆட்களுக்கு இது உடனே விளங்கும். எல்லாத்தையும் கட்டத்துக்குள் கச்சிதமாக வைத்தால் பாட்டு மரக்கட்டை மாதிரி இருக்கும். எதை ஒரு மயிரிழை தள்ளி வைக்கிறது, எதை மெதுவாக அடிக்கிறது என்று முடிவெடுப்பவர் இசைக்கலைஞர்தான். 'கொம்பியூட்டர்தானே வாசிக்குது' என்று சொல்கிற பெரியப்பாமாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி திலீப். அப்பா ஆர். கே. சேகர் மலையாளப் படங்களில் இசை செய்தவர். 1976இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் வீடு ஓடியது. கொஞ்சம் வளர்ந்ததும் அவரே வாசிக்கப் போனார்: இளையராஜா, எம். எஸ். விஸ்வநாதன், தெலுங்கில் ராஜ்-கோட்டி. 1986இல் வந்த புன்னகை மன்னன், கொம்பியூட்டர் சீக்குவன்சரைப் பாவித்த முதல் இந்தியப் படம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இசை இளையராஜா. சீக்குவன்சரில் வேலை செய்தவர் பத்தொன்பது வயதுத் திலீப்.

அதே காலத்தில் ஜப்பானில் யுசோ கொஷிரோ என்று இன்னொரு பொடியன். அவரும் 1967இல் பிறந்தவர். அம்மா பியானோ டீச்சர். என்இசி கொம்பியூட்டரில் இசையை எழுத்தும் எண்ணுமாகத் தட்டி எழுதினார். அவர் 1991இல் ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் ரேஜ் கேமுக்கு இசை செய்தது சேகா மெகா டிரைவுக்காக. அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் யமஹாவின் எஃப்எம் சிப்தான். டிஎக்ஸ்7இல் ஆறு அலை என்றால் இதில் நாலு, ஒரே நேரத்தில் ஆறு சத்தம். மோர்டனில் எங்கட அண்ணாமார் ரிவிக்கு முன்னால் இருந்து அடிபட்ட அந்தச் சத்தமும், அம்மா கேசட்டில் போட்ட 80களின் தமிழ்ப் பாட்டுக் கீபோர்ட்டும் சில இடங்களில் ஒரே மாதிரிக் கேட்கும். சொந்தக்காரர் என்றால் அப்படித்தானே.

ஒரு வித்தியாசம். கொஷிரோவின் பெயர் கேமிலேயே வந்தது. கோடம்பாக்கத்தில் வாசித்தவர், புரோகிராம் செய்தவர் பெயர் கேசட் அட்டையில் வருவது அபூர்வம். ஆனால் காசு மோசமில்லை. ரோஜாவுக்கு (1992) 25,000 ரூபாய்தான் கிடைத்தது, மற்றவர்களுக்கு வாசித்தால் அதை மூன்று நாளில் உழைத்திருக்கலாம் என்று ரஹ்மானே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்படியும் அந்தப் படத்தை எடுத்தார். வீட்டோடு இருந்த ஸ்ரூடியோவில், தன் மெஷின்களோடு, தான் நினைத்த சத்தம். பிறகு அவருடைய அட்டைகளில் வாசித்தவர்களின் பெயர்களும் இருந்தன. அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு, அதை மறைக்க எனக்கு மனசில்லை. ஒரு ஹோல் நிறைய வயலின்காரர் இருந்து வாசித்ததை, ஒருவர் ராத்திரியில் தனியே செய்யலாம் என்று ஆனபோது, வயலின்காரருக்கு அழைப்புக் குறைந்தது. மெஷின் நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் மழுப்புவேன். ஐடி கொன்ராக்டர் நான், இந்த வருசம் அதே கேள்வி என் மேசைக்கும் வந்திருக்கு.

புரோகிராமர் கதிரையில் இருந்து எழும்பி வந்தவர் ரஹ்மான் மட்டுமில்லை. ஹாரிஸ் ஜெயராஜும் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்ட் புரோகிராம் செய்துவிட்டு, 2001இல் மின்னலேயில் முதல் படம் செய்தார். அந்தப் படத்தின் பாட்டுகளில் சத்தங்கள் எவ்வளவு துப்புரவாக அடுக்கியிருக்கு என்று கேளுங்கள், பழைய தொழில் தெரியும்.

நோர்தர்ன் லைனில் வீட்டுக்கு வருகிறபோது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நல்ல ஹெட்போனில் புன்னகை மன்னன் தீம் இசை. அது முடிந்த உடனே ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் ரேஜின் முதல் லெவல் இசை. மெட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு சத்தமும் எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள். ஸ்டொக்வெல்லில் தொடங்கினால் மோர்டன் வர முன்னமே இரண்டும் முடிந்துவிடும்.