பந்தைத் தொடாமலே புகழ் பெற்ற ‘மலை’ வாலிபர்: 18 வயதில் போட்ட கையெழுத்து 37 வயதில் ரத்து!

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அல்ல. பாயிண்ட் எடுத்துக் கொடுத்தவரும் அல்ல. எதிரே பாய்ந்து வருபவனை மறித்துத் தள்ளுவதே இவர் வேலை. அதிலேயே கோடீஸ்வரர் ஆனார், அமெரிக்காவில் ஓர் ஏழைப் பள்ளி மாணவர்.

அவர் பெயர் மைக்கேல் ஓஹர். டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் 1986-ம் ஆண்டு பிறந்தவர். கூடப் பிறந்தவர்கள் 11 பேர். தாய் போதைக்கு அடிமை. தந்தை அடிக்கடி ஜெயிலில். அதனால் ஊரார் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். முதல் 9 ஆண்டுகளில் மட்டும் 11 பள்ளிக்கூடம் மாறினார்!

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயர்தான் கால்பந்து. பந்து இருப்பது பெரும்பாலும் கையில். தாக்கும் அணியின் முன்வரிசையில் 5 தடியர்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். இவர்கள்தான் ‘லைன்மேன்’.

பந்தை எறியும் ஆட்டக்காரர் வலது கைக்காரராக இருந்தால், எறியத் திரும்பும்போது அவருக்கு இடது பக்கம் தெரியாது. அந்தப் பக்கம் பாய்ந்து வருபவன் அடித்தால் எலும்பு முறியும். அங்கே காவல் நிற்பவருக்கு ‘லெப்ட் டாக்கிள்’ என்று பெயர். சம்பளமும் கொழுத்த சம்பளம்!

மெம்பிசில் பிரயர்கிரெஸ்ட் என்ற தனியார் பள்ளியில் ஓஹர் சேர்ந்தார். உயரம் 6 அடி 4 அங்குலம். எடை 140 கிலோவுக்கு மேல். ஆனாலும் பாய்ச்சலில் ஒல்லிப் பையன்கள் தோற்றார்கள். கூடைப்பந்தும் ஆடினார், வட்டும் எறிந்தார். 2003-ம் ஆண்டு தன் பிரிவில் மாநிலத்தின் சிறந்த லைன்மேன் என்று பெயர் வாங்கினார். கல்லூரிகள் போட்டி போட்டு வலை வீசின.

படிப்பு தடை

ஆனால் மார்க் ரொம்பக் குறைவு. மார்க் இல்லாவிட்டால் கல்லூரி அணியில் இடம் கிடையாது. ஷான் டூஹி, லீ ஆன் டூஹி என்ற பணக்காரத் தம்பதி 2004-ல் அவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். டியூஷன் டீச்சர் வைத்தார்கள். மார்க் ஏறியது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

2009-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை எடுத்தது. 5 ஆண்டுக்கு 1 கோடியே 38 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2013 பிப்ரவரியில் அந்த அணி ‘சூப்பர் பவுல்’ கோப்பையை வென்றது. 8 சீசன்களில் 110 ஆட்டங்களில் களம் இறங்கினார். 2016-ல் தலையில் அடிபட்டதோடு ஆட்டம் முடிந்தது.

சினிமாவும் கோர்ட்டும்

இவர் கதை 2009-ல் ‘தி பிளைண்ட் சைட்’ என்று சினிமாவாக வந்தது. லீ ஆன் வேடத்தில் நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கார் பரிசு! ஆனால் ஓஹருக்கு மனத்தாங்கல். ஆட்டமே தெரியாத மந்தபுத்தி மாதிரி தன்னைக் காட்டிவிட்டார்கள் என்றார். சின்ன வயசிலேயே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவராம் அவர்!

2023 ஆகஸ்டில் அவர் கோர்ட்டுப் படி ஏறினார். “18 வயதில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். தத்து எடுக்கும் காகிதம் என்று நம்பினேன். அது என் ஒப்பந்தங்களைப் போடும் அதிகாரத்தை அவர்களுக்குத் தரும் காப்பாளர் பத்திரம், என் கதையால் அவர்கள் பணம் சம்பாதித்தார்கள்” என்பது அவர் மனுவின் சாரம்.

டூஹி தம்பதி இதை அடியோடு மறுத்தார்கள். கல்லூரி விளையாட்டு விதிகளுக்காகவே பத்திரம் போட்டதாகவும், அவரை வைத்துப் பணம் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள்.

செப்டம்பர் 29-ந் தேதி நீதிபதி கேத்லீன் கோம்ஸ் அந்தப் பத்திரத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். உடல் ஊனமோ மனக் குறையோ இல்லாத ஒருவருக்கு இப்படிக் காப்பாளர் போட்டதைத் தன் 43 ஆண்டு அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்று அவர் வியந்தார்.

ஓஹருக்கு அப்போது வயது 37. கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டிகளும் இருந்த அவர், அன்றுதான் சட்டப்படி தன் காரியத்துக்குத் தானே எஜமானர் ஆனார்!

பணத் தகராறை மட்டும் நீதிபதி தள்ளுபடி செய்யவில்லை.