இலை உதிராத மலை

சென்னீர்குப்பத்தில் தெருவோர வாதாமரத்தின் இலைகள் உதிருமுன் செக்கச்செவேலென்று ஆகிவிடுகின்றன. நின்று பார்க்கிற நமக்கு அது அழகு. தெரு கூட்டுகிற அக்காவுக்கு ரெண்டு கூடைக் குப்பை. பழுத்த இலையை ரசிக்க வேண்டுமானால் அந்த இலையோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருக்கக்கூடாது போலிருக்கிறது.

இலையுதிர்காலம் நம் பருவமுமல்ல. கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுதுகளைச் சொன்ன திணைமரபு, உதிர்வுக்கென்று ஒரு பொழுதை ஒதுக்கவில்லை. குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. சிவப்பு புதிதாக ஊறுகிறது. நம் காடுகளில் இலை உதிர்வது பெரும்பாலும் வறட்சியால். குளிர்நாட்டு மலைச் சித்திரத்தை அப்படியே கொண்டுவந்து நம் மலைகளின்மேல் ஒட்டினால் எது மறைந்துபோகும் என்பதே கேள்வி.

மலையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட தமிழ்ச் சமூகம் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. அந்த மலைகளிலும் இலைகள் செம்மஞ்சளாகி உதிர்ந்த காலம் உண்டு. 1869இல் அங்கே காப்பியில் துருநோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறம் செம்மஞ்சள் பொடி, பிறகு உதிர்வு. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி வீழ்ந்து தேயிலை பரவியது. காப்பிப் பழம் பறிக்கப் பருவத்துக்குப் பருவம் வந்துபோன கூலிகளை, வருஷம் முழுக்கக் கொழுந்து கேட்கும் தேயிலை அங்கேயே தங்க வைத்தது. வேலைக்களம் ஊரானது இப்படித்தான்.

தேயிலை மலையில் இலை உதிரக் காத்திருப்பதில்லை. வளரவிட்டால் மரமாகிவிடும் செடியைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். துளிர்த்ததும் கிள்ளியாக வேண்டும். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். சுற்றுலாப் படத்தில் தெரிகிற மாறாத பச்சை, கைகள் ஓயாததால் வந்த பச்சை.

அந்தக் கைகளுக்கு மலை சொந்தமானதா? 1948இன் சட்டம் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்கெழுதியது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மலை மாறியது, கூடை மாறவில்லை.

சொந்த மலையின் இலையழகைப் பற்றி எழுதக்கூடாது என்பதல்ல. எழுதும்போது அந்த இலை யார் கணக்கில் நிறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுவோம்.