சலிப்பில் ஓர் ஆறுதல்

செய்தி கிடைக்கவில்லையே என்று மக்கள் ஏங்கிய காலம் ஒன்றிருந்தது. ஒரு கடிதத்துக்காகத் தபாற்காரன் வரும் வழியைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் பலர். இன்றோ கண்விழித்த கணந்தொட்டுக் கையடக்கத் தொலைபேசி செய்திகளைக் கொட்டுகின்றது. போரும் விளையாட்டும், விலைவாசியும் வம்பும் ஒரே வரிசையில், ஒரே உரத்த குரலில் வந்து நிற்கின்றன. வயிறு நிறைந்த பின்னும் இலையிற் சோறு விழுந்துகொண்டிருந்தால் அது விருந்தாகுமா?

பின்னர் 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஹேபேட் சைமன், இந்நிலையை 1971ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். தகவலுக்கு விலையாகக் கொடுக்கப்படுவது கேட்போரின் கவனமே. தகவல் மலிந்தால் கவனம் அரிதாகும் என்பது அவர் கண்ட முடிவு.

இத்தகைய வெள்ளத்தினிடையே சிலர் விரும்பித் தேடுவது, சுவையற்றதெனத் தோன்றும் ஒன்றையே. இணையத்திற்கூடப் படமும் விளம்பரமும் இன்றி, வெறும் எழுத்தால் அமைந்த பக்கங்களை நாடுவோர் உளர். வானொலியில் இதற்குச் சிறந்த சான்று, பீ.பீ.சீ. நள்ளிரவுக்குப் பின் ஒலிபரப்பும் கப்பலோட்டிகளுக்கான வானிலை அறிவிப்பாகும். வைக்கிங் முதல் தென்கிழக்கு ஐசுலாந்து வரை 31 கடற்பரப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். காற்று, கடலின் நிலை, மழை, பார்வைத் தூரம், அவ்வளவே. கப்பலில் ஒருநாளும் கால் வையாதவர்களும் அதனைக் கேட்டபடியே கண்ணயர்வதுண்டு.

இவ்வறிவிப்பின் வேர் ஒரு துயரத்தில் உள்ளது. 1859ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய 'றோயல் சாட்டர்' என்னும் கப்பல் புயலில் அகப்பட்டு வேல்சுக் கரையில் உடைந்தது. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். டாவினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராக முன்னர் விளங்கிய றொபேட் பிட்சுறோய், 1861இல் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயலெச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடக்கினார். 2002 முதல் அந்த 31 கடற்பரப்புகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

உயிர் காக்க எழுந்த மொழியாதலின் அதில் வீண் சொல்லுக்கு இடமில்லை. முழு அறிவிப்பும் ஏறக்குறைய 350 சொற்களுள் அடங்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணி நேரத்துள். 'பின்னர்' என்றால் 12 மணிக்குப் பின், 24 மணிக்குள். பரப்புகளின் வரிசையும் மாறாது. ஆகவே மாலுமி தன் பரப்பின் பெயர் வரும்வரை அமைதியாகக் காத்திருக்கலாம். வந்ததும் அந்தச் சில சொற்களை மட்டும் பற்றிக்கொள்ளலாம்.

கரையில் இருப்பவருக்கு அது தரும் ஆறுதலின் இரகசியமும் இதுவே. அக்குரல் எவரையும் அச்சுறுத்துவதில்லை. எதையும் வாங்கும்படி வேண்டுவதில்லை. புயலையும் தென்றலையும் ஒரே நிதானத்துடன் கூறுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு ஒரு முடிவு உண்டு. முடிவில்லாத செய்திப் பெருக்கிலே மனம் களைப்பதற்குக் காரணம், போதும் என்று சொல்லும் இடம் அங்கே இல்லாமையே.

செய்தியை ஒதுக்கி வாழ்தல் இயலாது. எச்சரிக்கை கிட்டாமையால் நேரும் இழப்பை 1859ஆம் ஆண்டுப் புயல் காட்டிவிட்டது. ஆயினும் எச்சரிக்கை பயன்பட வேண்டுமாயின், அதனைக் கேட்கும் செவியிற் கவனம் எஞ்சியிருத்தல் வேண்டும். தன் கடற்பரப்பு எதுவென அறிந்த மாலுமி அப்பெயருக்கே செவி கொடுக்கின்றான். ஏனையவற்றைக் கடந்து செல்ல விடுகின்றான்.