ரப்பர் பால் கூட வேண்டுமா? வெட்டைக் குறையுங்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் விலை ஏறினால், சிலர் தினமும் பால் வெட்டச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் சிரட்டை நிறையத்தான் செய்யும். பிறகு பால் தண்ணீராகும். சில மரங்களில் வெட்டுக்கோட்டின் பாதி வறண்டுபோகும். பட்டைக்குள் நடப்பது தெரிந்தால் இந்தத் தவறைச் செய்ய மனம் வராது.

ரப்பர் பால் வேரிலிருந்து ஏறும் சாறு அல்ல. உட்பட்டையில் இருக்கும் நுண்ணிய பால் குழாய்களுக்குள்ளேயே, இலை தயாரித்த சர்க்கரையைக் கொண்டு உருவாவது. வெட்டி வடித்ததை மரம் மறுபடி உண்டாக்க இரண்டு மூன்று நாள் ஆகும். நல்ல பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர் இருக்கும். தினமும் வெட்டினால் அந்தப் பங்கு சரியும். சிரட்டை நிறைந்தாலும் ஷீட் எடை கூடாது. ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போல நன்றாகப் பால் தரும் ரகத்துக்குப் பட்டை வறட்சி எளிதில் வரும் என்பதால், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுவதே நல்லது.

பால் குழாய்கள் நேராகவும் ஏறுவதில்லை. நாம் மரத்தைப் பார்த்து நின்றால், லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலே போகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். ஒட்டு மரத்துக்கு 30 பாகை, விதைக்கன்று மரத்துக்கு 25 பாகைச் சரிவு. அப்படி வெட்டும்போது அதிகக் குழாய்கள் அறுபடுகின்றன. பாலும் பட்டையில் வழியாமல் சிரட்டைக்கு வந்து சேரும்.

ஆழம்தான் வெட்டுபவரின் கைத்திறமை. குழாய்கள் மிக நெருக்கமாக இருப்பது மரக்கட்டையை ஒட்டிய உட்பட்டையில். அங்கே சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் உள்ளேயே தங்கிவிடும். கத்தி கட்டையைத் தொட்டாலோ, அந்தக் காயத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பட்டையில் மறுவெட்டுப் போட முடியாது. கருக்கலில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் இந்த அளவு தவறாமல் வெட்டுகிறவரின் கூலியில் பேரம் பேசுவது நியாயமே இல்லை.

சீவும் கனத்தையும் கவனியுங்கள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், ஆண்டுக்கு 150 வெட்டு என்றால் 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிய பட்டை ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். இரண்டு மில்லிமீட்டராகச் சீவினால் நான்கே ஆண்டில் தீர்ந்துவிடும். பால் ஒரு துளியும் கூடாது.

விடியும் முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை விடாததால் குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து, ஒழுக்கு குறையும்.

பால் ஏன் தானாக நிற்கிறது? வெட்டியவுடன் பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைந்து, ரப்பர் துகள்களை உறைய வைத்துக் குழாய் வாயை அடைக்கின்றன. எத்திபான் என்ற மருந்து இந்த அடைப்பைத் தாமதப்படுத்துவதால் பால் நெடுநேரம் ஒழுகும். ஆள் கிடைக்காத தோட்டங்களுக்கு ரப்பர் வாரியம் சொல்லும் வாரம் ஒரு வெட்டு இதை நம்பியதுதான்: 2.5 சதவீத எத்திபானை மாதம் ஒருமுறை வெட்டுப்பட்டையில் தடவ வேண்டும். வெட்டு குறைவதால் கூலியும் பட்டையும் மிச்சம். ஆனால் அடிக்கடி வெட்டும் மரத்தில் கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு இதைத் தடவினால் மரம் சீக்கிரமே வறண்டுவிடும்.

இரண்டு பருவமழையும் பெறும் குமரியில் வெட்டு நாள் வீணாவது பெரிய இழப்பு. மழைக்கு முன்பே வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்பைத் தார்ப்பசையால் இடைவெளியின்றி ஒட்டிவிட்டால், நனைந்த மரத்திலும் வெட்டலாம். இலை உதிர்ந்து துளிர்க்கும் வாரங்களில் மட்டும் கத்தியை ஒதுக்கி வையுங்கள். அப்போது மரத்தின் சர்க்கரை முழுவதும் புது இலைக்கே வேண்டும்.

இளமரத்திலும் அவசரம் கூடாது. ஒட்டு மரத்தில் 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகே முதல் வெட்டு. ஏழு ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக மெலிந்த மரத்தில் கத்தி வைத்தால், அது பிறகு பருப்பது மிகவும் கடினம்.