உஷார்! கண்ணைக் கசக்கும் பிள்ளையைக் கவனியுங்கள்

பள்ளி விட்டு வந்த பிள்ளை, பையை இறக்கியதும் கண்ணைக் கசக்குகிறதா? விரல் முட்டியை இமைமேல் அழுத்தி உருட்டி உருட்டித் தேய்க்கிறதா? தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிடாதீர்கள். கெரட்டோகோனஸ் என்ற நோய்க்கு இந்தத் தேய்ப்பு ஒரு முக்கியக் காரணம். நம் கையால் நிறுத்த முடிந்ததும் இதைத்தான்.

கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான கார்னியா, நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதைத் தாங்கும் கொலாஜன் இழைகள் இந்நோயில் நொய்ந்துபோகின்றன. படலம் மெலிந்து, கூம்பாகப் பிதுங்குகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி, முப்பது வயதைத் தாண்டியும் வளரக்கூடியது.

கசக்கவைப்பது அலர்ஜி. தூசி, வெயில் காலத்து அரிப்பு, ஆஸ்துமா, தோல் கரப்பான் உள்ள பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. அரிப்புக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடவே போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வையுங்கள். மருந்தை டாக்டர் எழுதட்டும்.

வீட்டில் வேறு யாருக்காவது இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் அப்படியே. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் கல்யாணங்களும் ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நம்மில் பல குடும்பங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுகிறதா? ஒரு கண்ணை மூடினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிகிறதா? இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறுகிறதா? புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 'டோபோகிராபி எடுக்கணுமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். ஆரம்பக் கட்டத்தைக் கண்ணாடிக்கடைப் பரிசோதனை தவறவிடலாம், இந்த ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்ய நினைப்பவர்களும் இதை எடுக்காமல் மேஜையில் படுக்கக் கூடாது. மெலிந்த கார்னியாவை மேலும் செதுக்கினால் பிதுக்கம் வேகமெடுக்கும்.

முன்கூட்டியே தெரிந்தால், ரிபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் 'சி3ஆர்' சிகிச்சை பெரும்பாலானோருக்கு நோயை அங்கேயே நிறுத்துகிறது. போன பார்வையை அது முழுதாக மீட்டுத் தராது. தாமதித்தவர்களுக்கு ஹார்டு லென்ஸ், அதுவும் பலிக்காவிட்டால் கார்னியா மாற்று அறுவைதான்.

நோய் உள்ளவருக்குத் திடீரென்று கண் வலித்து, கருவிழி வெளுத்து, பார்வை மங்கினால் உள்ளடுக்கு கிழிந்து நீர் புகுந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வழியில்கூட அந்தக் கண்ணைத் தேய்க்க விடாதீர்கள்.