குதிரைக்கும் போரடிக்கும் சார்!

"இந்த வம்பே வேணாம் மாப்ளே, வித்துடப் போறேன்!"

மாமா இப்படிச் சொன்னதும் பகீரென்றது. பெரணமல்லூரில் பட்டுத்தறி நெய்கிறவர் அவர். தறியோடு ஒரு வெள்ளைக் குதிரையும் வைத்திருக்கிறார். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார். மற்ற நாளில் காலையில் நீளக் கயிறு கட்டி அரை மணி நேரம் வட்டம் சுற்ற விடுவார். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

தை மாத ஊர்வலத்தில் பேண்டு செட் முழங்கியதும் குதிரை பின்னங்காலில் எழுந்துவிட்டது. மாப்பிள்ளை தப்பியது, இன்னும் கட்டாத தாலியின் பாக்கியம்! வைகாசிக்கு வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள்.

"திமிர் பிடிச்ச கழுதை!" என்று குதிரையைத் திட்டினார் மாமா.

மறுநாள் காலை வேடிக்கை பார்த்தேன். குதிரை தலையைத் தொங்கப் போட்டு, காதைத் தளர்த்தி, யாரும் சொல்லாமலே சுற்றியது. எங்கேயோ பார்த்த முகம்! பதினெட்டு வருஷமாக ஒரே லெட்ஜரைப் புரட்டும் என் முகமேதான்.

"மாமா, இது திமிர் இல்லே. போரடிக்குது. புதுசா எதையும் பார்க்காததால பயமும் போகலே."

"செஞ்சி பக்கத்துலதானே இருக்கு? தேசிங்கு ராஜா டில்லிக் குதிரையையே அடக்கினான். நீ இதை அடக்கேன் பார்ப்போம்!"

தேசிங்கு 1714-ல் ஆற்காடு நவாப் படையோடு மோதி மாண்டது சரித்திரம். டில்லிக் குதிரை கதைப்பாட்டு. எனக்குத் துணை வந்தவர் வேறொருவர். சுமார் 2,350 வருஷத்துக்கு முன் ஸெனஃபன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே. மிரண்டால் அடிக்காதே, மிரட்டும் பொருளை நீ தொட்டுக் காட்டு என்பது அவர் கட்சி. அடித்தால் அந்தப் பொருள்தான் வலிக்குக் காரணம் என்று குதிரை முடிவு கட்டிவிடுமாம்!

ஆரம்பித்தோம். வட்டத்துக்கு லீவு.

முதலில் நடை. தோளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. பத்தடி நடை, நில், இரண்டடி பின்னால் போ. ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம்.

அடுத்து, நாலு மூங்கில் கழிகளை இரண்டரை அடி இடைவெளியில் தரையில் போட்டுத் தாண்ட வைத்தோம். பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து நடுவே வளைந்து வளைந்து போகவிட்டோம். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது ஓரமாக அழைத்துப் போனோம்.

தார்ப்பாய்தான் வம்பு. தரையில் விரித்ததும் 'மாட்டேன்' என்றது. நான் இழுத்தேன். அது இழுத்தது. யார் ஜெயித்திருப்பார்கள் என்று என் பேண்ட்டின் பின்பக்கம் சொல்லும்! நல்லவேளை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவில்லை. சுற்றியிருந்தால் விரல் போயிருக்கும்.

பிறகு கயிற்றைத் தளர்த்திச் சும்மா நின்றோம். பத்து நிமிஷம் கழித்து அதுவே குனிந்து மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது. அன்றைக்கு அதோடு சரி! நன்றாகச் செய்தவுடன் கயிறு தளர வேண்டும், வேலை முடிய வேண்டும். குதிரைக்கு அதுதான் போனஸ்.

பேண்டு வாசிப்பைச் செல்போனில் தூரத்தில் மெதுவாக வைத்தோம். குதிரை நிம்மதியாகப் புல் மென்றால் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவோம். அந்தியூரில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் மேளத்துக்கு ஆடும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்களே? அவையும் மேளத்தோடு பிறந்தவை அல்ல!

ஒரு மாசம் கழித்து மாமாவே சொன்னார்: "பாவு ஒண்ணுதான் மாப்ளே. ஊடையை மாத்தினாத்தானே புட்டா விழும்!"

வைகாசி ஊர்வலம். பேண்டு முழங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குதிரை ஒரு காதை பேண்டுப் பக்கமும் ஒரு காதை மாமா பக்கமும் திருப்பியது. அசையாமல் நின்றது. மேலே இருந்த மாப்பிள்ளைக்குத்தான் கால் நடுங்கியது!

குதிரையை மாமா விற்கவில்லை.

திங்கட்கிழமை உற்சாகமாக மேனேஜரிடம் போனேன். "சார், எனக்கும் செக்ஷனை மாத்திக் கொடுங்களேன்!"

"முதல்ல பத்து மணிக்கு லாயத்துக்கு வந்து சேருய்யா!" என்றார்.