மறைந்த இருப்புப்பாதைகளின் மாதிரி அமைப்பு

மறைந்த இருப்புப்பாதைகளின் மாதிரி அமைப்பு என்பது, இன்று இயங்காத ஒரு தொடருந்துப் பாதையை அதன் வண்டிகள், நிலையங்கள், நிலக்காட்சி ஆகியவற்றுடன் சிறிய அளவில் மீளமைத்து இயக்கும் கைவினை ஆகும். பொம்மைத் தொடருந்து ஓடினால் போதும். மாதிரித் தொடருந்தோ குறித்த ஓர் இடத்தையும் குறித்த ஓர் ஆண்டையும் காட்ட வேண்டும். இக்கைவினையில் அயர்லாந்தின் பழைய பாதைகள் புகழ் பெற்றவை. தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற பாதைகளுள் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் பெரியதாழைக்கு வடக்கே 1940 வரை ஓடிய குலசேகரன்பட்டினம் இலகு இருப்புப்பாதை ஆகும்.

தட அகலமும் அளவுத்திட்டமும்

மாதிரி அமைப்பில் முதலில் எழும் சிக்கல் தட அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம். அயர்லாந்தின் முதல் பாதை 1834 இல் 1435 மி.மீ அகலத்தில் அமைந்தது. அடுத்து வந்த நிறுவனங்கள் வெவ்வேறு அகலங்களைக் கைக்கொண்டதால் எழுந்த பூசலைத் தீர்க்க, பொறியாளர்களின் கருத்துகளைக் கேட்டு 5 அடி 3 அங்குலம் (1600 மி.மீ) என முடிவு செய்யப்பட்டது. 1846 ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இவ்வாறு அந்த அகலம் ஒரு நாட்டின் பொது அகலமாயிற்று.

கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ பெரும்பாலும் 16.5 மி.மீ அகலமுடையது. பிரித்தானிய ‘ஓஓ’ அளவுத்திட்டத்தில் ஓர் அடி 4 மி.மீ ஆகச் சுருங்கும் (ஏறத்தாழ 1:76). அக்கணக்கின்படி அயர்லாந்துப் பாதைக்கு 21 மி.மீ தேவை. ஆகவே கடைத் தண்டவாளத்தில் ஓடும் அயர்லாந்து வண்டி, ஒடுங்கிய கால்களில் நிற்கும் பருத்த உடலைப் போலத் தோன்றும். சிலர் இதைப் பொறுத்துக் கொள்கின்றனர். சிலர் தண்டவாளத்தையும் அச்சுகளையும் தாமே செய்து 21 மி.மீ அகலத்திலேயே அமைக்கின்றனர். முன்னவருக்கு ஓட்டம் பெரிது, பின்னவருக்கு உருவம் பெரிது. இரண்டுமே முறையான தெரிவுகள்தாம்.

இந்தியாவில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. இந்திய அகலப்பாதை 5 அடி 6 அங்குலம் (1676 மி.மீ). ‘ஓஓ’ அளவில் இதற்கு 22 மி.மீ வேண்டும், 16.5 மி.மீ தண்டவாளத்தில் கால்பங்கு அகலம் குறைந்து போகும். மீட்டர் பாதை மாதிரியருக்குச் சற்று இணக்கமானது. 1:87 அளவில் அது 11.5 மி.மீ ஆகிறது, 12 மி.மீ தண்டவாளம் கடைகளில் உண்டு. மீட்டர் பாதையை இந்தியாவிற்குத் தேர்ந்த 1870 ஆம் ஆண்டு முடிவு மேயோ பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது எடுக்கப்பட்டது. அவர் டப்லினில் பிறந்து, அயர்லாந்தின் தலைமைச் செயலராகப் பணியாற்றிய பின்பே இந்தியா வந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

குலசேகரன்பட்டினம் இலகு இருப்புப்பாதை

தேரி நிலத்தின் பனங்கருப்பட்டியை மூலப்பொருளாகக் கொண்ட சர்க்கரை ஆலை ஒன்று குலசேகரன்பட்டினத்தில் இருந்தது. பாரி நிறுவனம் நிருவகித்த அவ்வாலையின் சரக்குப் போக்குவரத்திற்காக 2 அடி (610 மி.மீ) அகலமுள்ள சிறிய பாதை அமைக்கப்பட்டது. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளை ஆகிய ஊர்களை இணைத்த இப்பாதையில் பயணிகளும் ஏறிச் சென்றனர். 1923 இல் திருநெல்வேலியிலிருந்து மீட்டர் பாதை திருச்செந்தூரை எட்டியபின், அங்கு இரு வேறு அகலங்கள் ஒரே ஊரில் சந்தித்தன. சிறிய பாதை 1940 இல் மூடப்பட்டது. மீட்டர் பாதையும் 2008 இல் அகலப்பாதையாக மாறிவிட்டதால், அன்றைய திருச்செந்தூர் நிலையக் காட்சியின் இரு பாதிகளும் இன்று இல்லை.

மாதிரி அமைப்போருக்கு 2 அடி அகலம் ஒரு நற்பேறு. ஓர் அடியை 16 மி.மீ ஆகக் கொள்ளும் 1:19 அளவுத்திட்டத்தில் 2 அடி என்பது சரியாக 32 மி.மீ. அந்த அகலத் தண்டவாளம் ‘ஓ’ அளவு வண்டிகளுக்காகவே விற்கப்படுகிறது. அதே 2 அடி அகலமுள்ள டார்ஜிலிங் பாதையின் நீராவிப் பொறிகள் இந்த அளவில் உண்மையான நீராவியிலேயே ஓடும் மாதிரிகளாக வெளிவந்துள்ளன. ஆனால் இவ்வளவில் ஒரு கிலோமீட்டர் பாதைக்கு 52 மீட்டருக்கும் மேல் இடம் வேண்டும். தோட்டமோ தோப்போ இருந்தால்தான் இயலும். வீட்டு அறைக்குள் அமைப்போர் ‘ஓஓ’ அளவில், 8 மி.மீ வேண்டிய இடத்தில் 9 மி.மீ தண்டவாளத்தைப் பயன்படுத்துவர். ஒரு மில்லிமீட்டர் பிழையைக் கண் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. அப்போதும் ஒரு கிலோமீட்டருக்கு 13 மீட்டர் தேவை என்பதால், இரண்டு நிலையங்களையும் இடையில் ஒரு தேரியையும் மட்டும் காட்டி, எஞ்சியதைத் திரைக்குப் பின்னால் மறைப்பதே வழக்கம்.

சான்றுகள்

டப்லினில் வாழ்ந்த சிரில் ஃபிரை (1905–1972) இன்சிக்கோர் தொடருந்துப் பணிமனையின் வரைபடப் பிரிவில் பணியாற்றியவர். அயர்லாந்தின் வண்டிகளைப் பல பத்தாண்டுகளாகத் தம் கையால் ‘ஓ’ அளவில் செய்தார். அசல் வண்டிகள் பழைய இரும்பாக உடைக்கப்பட்ட பிறகும் அவற்றின் உருவம் இம்மாதிரிகளில் எஞ்சியது. இன்று அவை மலாகைட் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. ஃபிரைக்கு வாய்த்தவை இரண்டு: அவர் வாழ்ந்த காலத்தில் வண்டிகள் கண்முன் ஓடின, வரைபடங்கள் கைக்கு எட்டின.

குலசேகரன்பட்டினம் பாதைக்கு அந்நிலை இல்லை. 1940 இல் பத்து வயதில் அவ்வண்டியில் சென்றவருக்கு இன்று 95 வயதைக் கடந்திருக்கும். எனவே நேர்காணல் என்ற வழி அடைபட்டு வருகிறது. பழைய நில அளவை வரைபடங்கள், அரசின் இருப்புப்பாதை அறிக்கைகள், குடும்பங்களில் தங்கிய ஒளிப்படங்கள், பயணச்சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டே பணி தொடங்கவேண்டும். இங்கு ஓர் இடர் உண்டு. ஒளிப்படம் இல்லாத நிலையத்திற்கு ஊகத்தில் ஓட்டுக்கூரை போட்டால், அழகிய அம்மாதிரியின் படம் பரவிப் பின்னர் அதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். எப்பகுதி சான்றுடையது, எது ஊகம் என்பதை மாதிரியின் அருகிலேயே எழுதி வைப்பது நன்று. 1998 இல் புனேயில் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருத் தொடருந்து அருங்காட்சியகம் போன்றவை கற்பனை நகரையே காட்டுவதால் இந்த இடர் அவற்றுக்கு இல்லை.

நிலக்காட்சி

தேரியின் செம்மணலும் பனையும் குடை விரித்த உடைமரமும் இந்நிலத்தின் அடையாளங்கள். இருபது மீட்டர் உயரப் பனை ‘ஓஓ’ அளவில் 26 செ.மீ ஆகும், வண்டியோ அதன் காலடியில் 4 செ.மீ உயரத்தைக்கூட எட்டாது. இந்த விகிதத்தைக் காட்டினாலே பாதையின் சிறுமை விளங்கிவிடும். சீமைக் கருவேலம் இம்மாவட்டத்தில் அடர்ந்து பரவியது பிற்காலத்தில். 1930களைக் காட்டும் மாதிரியில் அதைக் காடாக நடுவது காலப்பிழை.

பெரியதாழைக் கடற்கரை மணலையோ தேரி மணலையோ அள்ளி அப்படியே ஒட்டும் ஆசை எவருக்கும் எழும். அது மின்னோடிக்குக் கேடு. இக்கரையின் மணலில் இல்மனைட்டு, கார்னெட்டு ஆகிய கனிமங்களோடு காந்தத்தில் ஒட்டும் கருமணிகளும் உள்ளன. உதிரும் மணிகளை மின்னோடியின் நிலைக்காந்தம் இழுத்துக்கொள்ள, சுழலி உராய்ந்து நிற்கும். வலிய காந்தம் ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி, உலர்ந்த மணலில் பலமுறை துழாவிக் கருமணிகளை நீக்கிய பின்பே மணலைப் பயன்படுத்தவேண்டும். ஒட்டிய பின் மேலே நீர்த்த பசையும் தெளிக்கவேண்டும்.

இயக்கம்

பழைய முறையில் தண்டவாளத்தில் 12 வோல்ட்டு வரையிலான நேர்மின்னோட்டம் செலுத்தப்படும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கும். ஒரே தடத்தில் இரு பொறிகளைத் தனித்தனியே ஓட்ட இது உதவாது. எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் முனைகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறுவதே செய்தி: ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது 1, ஏறத்தாழ 100 மைக்ரோநொடி நீடித்தால் 0. பொறிக்குள் இருக்கும் சில்லு தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றும். இதற்கான கட்டற்ற மென்பொருள்களும் மலிவான ஆர்டுயினோ பலகையும் போதுமானவை என்பதால், கல்லூரி மாணவர் ஒருவர் தாமே கட்டுப்படுத்தியைச் செய்துவிடலாம்.

இலகு பாதைகளின் ஓட்டம் மெதுவானது. வண்டியைப் பந்தய வேகத்தில் விரட்டினால் மற்றெல்லா நுணுக்கமும் வீணாகும். மெதுவாக ஓடும் வண்டிக்கோ தண்டவாள அழுக்கு முதல் எதிரி. மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனது (நிக்கல் வெள்ளி என்று பெயர், வெள்ளி அதில் இல்லை). கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அதன் மேற்பரப்பு விரைவில் மங்கி மின்தொடர்பு அறுபடும். உப்புத்தாள் கீறல்களை உண்டாக்கி அழுக்கை மேலும் தேக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் ஓட்டத்திற்கு முன் துடைப்பதும், ஓட்டம் முடிந்ததும் மூடிவைப்பதும் நடைமுறையில் பயன் தருகின்றன.